எரியும் பாதமும் படபடக்கும் நெஞ்சும்: நீண்டகாலக் குளிசைகளை எடைபோடுவோம்

(நமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற நலவாழ்வுக் கருத்தரங்கில், பழைய மாணவியும் ஓய்வுபெற்ற அரச மருந்தாளருமான ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர முடியாத சகோதரிகளுக்காக இங்கே அச்சாகிறது.)



விழாக் குழுவினர் என்னிடம் "பெண்களும் மருந்துகளும்" என்று பொதுவாகப் பேசச் சொன்னார்கள். அரை மணித்தியாலத்தில் எல்லா மருந்தையும் பேசினால் வீட்டுக்குப் போகும்போது ஒன்றும் மனதில் நிற்காது. ஆகவே இரண்டே வகை மருந்துகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, நரம்பு வலிக்குக் கொடுக்கும் குளிசைகள். மற்றது, பதகளிப்புக்கும் நித்திரையின்மைக்கும் கொடுக்கும் குளிசைகள். இவற்றைச் சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. சில வேளைகளில் இரண்டுக்கும் கொடுப்பது ஒரே மருந்து. பல வேளைகளில் இரண்டு வருத்தமும் இருப்பது ஒரே ஆளிடம்.

மருந்து கொடுக்கும் ஜன்னலின் உட்பக்கம் இருந்து முப்பது வருடத்துக்கு மேல் மனிதரைப் பார்த்தவள் நான். "அம்மா, இந்தக் குளிசை எதற்கு?" என்று கேட்டால், "பிரஷருக்கு", "சீனிக்கு" என்று உடனே பதில் வரும். ஆனால் இரவுக் குளிசையைக் காட்டிக் கேட்டால் பலர் யோசிப்பார்கள். "இது நரம்புக்கு", "இது நித்திரைக்கு", "இது எப்பவும் தருவது" என்பார்கள். எப்போது தொடங்கியது என்று கேட்டால், மகளின் கலியாணத்துக்கு முந்தி, சுனாமிக்குப் பிந்தி என்று கணக்குச் சொல்வார்கள். தொடங்கிய அன்று ஒரு வைத்தியர் யோசித்துத்தான் எழுதியிருப்பார். அதன்பின் கிளினிக் கொப்பியில் போன மாதம் எழுதியதே இந்த மாதமும் எழுதப்படுகிறது. கிளினிக்கில் இருநூறு பேர் காத்திருக்கும்போது வைத்தியரைக் குறை சொல்லியும் பயனில்லை.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தக் குளிசைகளைத் தொடர்வதும் தொடங்குவதைப் போல ஒரு தீர்மானம். குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது அதை வைத்தியரோடு உட்கார்ந்து எடைபோட வேண்டும். ஒரு தட்டில் கிடைத்த நன்மை, மறு தட்டில் கொடுக்கும் விலை. அப்படி எடைபோட்ட பிறகு தொடர்வதும் சரியாகலாம், குறைப்பதும் சரியாகலாம். எடைபோடாமல் விழுங்குவதும் பிழை. பக்கத்து வீட்டார் சொன்னார் என்று ஒரே நாளில் நிறுத்துவது அதைவிடப் பெரிய பிழை.

முதலில் நரம்பு வலி என்றால் என்ன என்று பார்ப்போம். மீன் வெட்டும்போது முள் குத்துகிறது, வலிக்கிறது. அங்கே காயத்தைச் சொல்ல நரம்பு செய்தி அனுப்புகிறது. காயம் ஆறினால் செய்தியும் நிற்கும். நரம்பு வலியில் பழுதானது அந்தச் செய்திக் கம்பியே. காயம் இல்லாமலே எரிவு, மின்சாரம் அடித்தது போன்ற வெட்டு, ஊசி குத்தல், எறும்பு ஊர்தல், விறைப்பு எல்லாம் வரும். போர்வை பட்டாலும் பாதம் சுடும். இரவில் கூடும். இந்த வலிக்குப் பனடோல் பெரிதாக உதவாது. அதனால்தான் வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கண்டுபிடித்த மருந்துகளை வைத்தியர்கள் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். "எனக்கு வலிப்பு இல்லையே, ஏன் வலிப்புக் குளிசை தந்தார்கள்?" என்று கோபித்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். நரம்பின் அளவுக்கு மிஞ்சிய துடிப்பை அடக்குவதுதான் இரண்டு இடத்திலும் அந்த மருந்தின் வேலை.

காரணங்கள் பல. நம் பக்கத்தில் முதலிடம் சீனி வருத்தத்துக்குத்தான். அடுத்தது அக்கி போட்டு ஆறிய பின் மாதக் கணக்கில் நிற்கும் வலி. வெங்காயப் பாத்தியில் குனிந்து குனிந்து இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலி. இறால் உரித்து, கருவாட்டு மீன் கீறி, மணிக்கட்டு நரம்பு நெருக்குண்டு இரவில் கை விறைப்பது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் விரல் நுனி மரத்துப் போவது. தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தழும்பு இருந்தால் தொழுநோயையும் மறக்கக் கூடாது. அது இன்னும் நம் நாட்டில் இருக்கிறது, மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

இன்னொரு காரணம் நம் மருந்துப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சீனி வருத்தத்துக்கு வருடக் கணக்கில் மெட்போமின் எடுப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் பாதம் விறைக்கும், எரியும். சீனியால் வந்த நரம்பு வலி என்று நினைத்துக் குளிசைக்கு மேல் குளிசை சேர்ப்பதற்கு முன், ஓர் இரத்தப் பரிசோதனையால் இதைத் தெரிந்துகொள்ளலாம். பிரித்தானியாவின் மருந்து ஒழுங்கமைப்பு நிறுவனம் 2022இல் இதை எல்லா வைத்தியர்களுக்கும் நினைவூட்டியது. மெட்போமினை நீங்களாக நிறுத்த வேண்டாம். "எனக்கு பி12 பார்த்தீர்களா, டொக்டர்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

சரி, மருந்துகளுக்கு வருவோம். நரம்பு வலிக்கு நம் கிளினிக்குகளில் அதிகம் எழுதப்படுபவை அமிட்ரிப்டிலின், கபபென்டின், பிரிகாபலின். தனியார் மருந்துக்கடையில் டுலொக்செட்டினும் உண்டு. முகத்தில் மின்னல் போல வெட்டும் வலிக்குக் கார்பமசெபின். இவற்றில் அமிட்ரிப்டிலின் 1960களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய, மலிவான குளிசை. பிரிகாபலின் 2004இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற புதியது.

புதியது என்பதால் சிறந்தது என்று நினைக்க வேண்டாம். 2022இல் 'லான்செட்' சஞ்சிகையில் வந்த ஆய்வொன்று சீனி வருத்தத்தால் நரம்பு வலி உள்ள 130 பேரிடம் நடத்தப்பட்டது. ஷெபீல்டைச் சேர்ந்த பேராசிரியர் சொலமன் டெஸ்பாயே அதற்குத் தலைமை தாங்கினார். அமிட்ரிப்டிலின், டுலொக்செட்டின், பிரிகாபலின் மூன்றில் எதில் தொடங்கினாலும் வலி குறைந்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று போதாமல் போனவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது மேலும் குறைந்தது. ஆகவே எதைத் தெரிவு செய்வது என்பதை உங்கள் இதயம், சிறுநீரகம், வயது, வேலை, கைக்காசு ஆகியவை தீர்மானிக்கலாம். விலை கூடிய பெட்டியைத் தேடிக் கடன்பட வேண்டியதில்லை.

இவை எவ்வளவு உதவும்? பலர் ஏமாறும் இடம் இதுதான். சீனி வருத்த நரம்பு வலிக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் பிரிகாபலின் எடுத்தவர்களில், நூற்றுக்கு ஏறக்குறைய 41 பேருக்கு வலி பாதியாகக் குறைந்தது. வெறும் மாவுக் குளிசை எடுத்தவர்களில் 28 பேருக்கும் அவ்வாறு குறைந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு இது. 600 என்பது உச்ச அளவு. 300 மில்லிகிராமில் வித்தியாசம் இன்னும் சிறியது. அதாவது சிலருக்கு நன்றாக உதவும், பலருக்கு உதவாது. உதவுகிறதா என்று சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். சரியான அளவில் ஒரு மாதம், இரண்டு மாதம் எடுத்தும் வலி அசையவில்லை என்றால், பத்து வருடம் எடுத்தாலும் அசையாது. அந்தக் குளிசையைத் தொடர்வதில் விலை மட்டுமே மிச்சம்.

இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் வலி உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். அவுஸ்திரேலியாவில் 209 பேரிடம் நடத்தி 2017இல் வெளிவந்த ஆய்வில், அந்த வலிக்குப் பிரிகாபலின் மாவுக் குளிசையைவிட மேலாக உதவவில்லை. தலைச்சுற்றுத்தான் கூடியது. 2020 முதல் பிரித்தானிய வழிகாட்டல் அந்த வலிக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஆனாலும் நம் ஊரில் இடுப்பு வலி என்று போனால் இந்தக் கெப்சியூல் துண்டில் ஏறிவிடுகிறது.

இன்னொன்று. இந்த மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கவில்லை. நாமோ ஐந்து, பத்து, பதினைந்து வருடம் எடுக்கிறோம். மூன்று மாத ஆய்வை வைத்துப் பதினைந்து வருடத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. எடைபோடும் வேலை நம் கையில் வருவது இதனால்தான்.

மறு தட்டில் உள்ள விலையைச் சொல்கிறேன். பிரிகாபலினும் கபபென்டினும் தலைச்சுற்று, தூக்கம், கால் வீக்கம், எடை கூடுதல், மங்கலான பார்வை, ஞாபகத் தடுமாற்றம் ஆகியவற்றைத் தரலாம். சீனி வருத்தக்காரிக்கு எடை கூடுவது சின்ன விடயம் அல்ல. வயதானவருக்கு இரவில் எழும்பும்போது வரும் தலைச்சுற்று, விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் முடியலாம். இந்த இரண்டு மருந்தும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. சிறுநீரகம் பாதி வேலை செய்தால் குளிசையின் அளவும் ஏறக்குறையப் பாதியாக வேண்டும். பத்து வருடத்துக்கு முன் எழுதிய அளவு, இன்றைய சிறுநீரகத்துக்குக் கூடுதலாக இருக்கலாம். "அம்மா இப்ப எந்த நேரமும் தூங்கி வழியிறா, வயசு போயிற்று" என்று பிள்ளைகள் சொல்லும்போது, சில வேளை அது வயது அல்ல, அளவு. கிரியற்றினின் பரிசோதனைத் துண்டைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், சிறுநீரைத் தடுக்கும், இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். மாரடைப்பு வந்தவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பத்து மில்லிகிராம்தானே என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் குளிசை அல்ல அது.

குழந்தை பெறும் வயதில் உள்ள தங்கைமாருக்கு ஒரு சொல். நோர்டிக் நாடுகளில் நடந்த ஆய்வில், கருவுற்ற முதல் மூன்று மாதத்தில் பிரிகாபலின் எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 5.9 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருந்தது. இவ்வகை மருந்து எடுக்காதவர்களின் குழந்தைகளில் அது 4.1. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் பொருட்படுத்த வேண்டியது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே வைத்தியரிடம் பேசுங்கள். கருவுற்றது தெரிந்ததும் பயந்துபோய்க் குளிசையை ஒரேயடியாக எறிந்துவிட வேண்டாம்.

இனிப் பதகளிப்புக்கு வருகிறேன். டயசிபாம், குளோனசிபாம், அல்பிரசோலம் என்று பெயர்கள் முடியும் ஒரு குடும்பம் இருக்கிறது. லியோ ஸ்டேர்ன்பாக் என்னும் வேதியியலாளர் கண்டுபிடித்த இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து 1960இல் சந்தைக்கு வந்தது, டயசிபாம் 1963இல். அரை மணி நேரத்தில் நெஞ்சுப் படபடப்பை அடக்கும், நித்திரை தரும். அதனாலேயே ஆபத்தும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்பது நீண்டகாலமாக உள்ள அறிவுரை. மரண வீட்டுக்கு அடுத்த வாரம் தொடங்கிய குளிசை, ஆண்டுத் திவசம் மூன்று கழிந்தும் தொடர்கிறது. உடல் அதற்குப் பழகிவிடுகிறது. ஒரு நாள் விட்டால் கை நடுக்கம், வியர்வை, முன்பைவிடப் பெரிய படபடப்பு. "பார்த்தீங்களா, குளிசை இல்லாமல் என்னால் ஏலாது" என்கிறார்கள். அது பழைய வருத்தம் திரும்பியதாகவும் இருக்கலாம், குளிசையை விட்டதன் விளைவாகவும் இருக்கலாம். வைத்தியர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பழகிப்போதல் வேறு, அடிமையாதல் வேறு. வைத்தியர் சொன்ன அளவில் வருடக் கணக்கில் எடுத்தவருடைய உடல் பழகியிருக்கும். அது இரசாயனம், அவருடைய ஒழுக்கக் குறைவு அல்ல. அளவை மீறித் தேடுவது, பொய் சொல்லி வாங்குவது, கேடு தெரிந்தும் விட முடியாமல் இருப்பதுதான் அடிமையாதல். அதுவும் ஒரு வருத்தமே, சிகிச்சை உண்டு. தாயையோ மாமியாரையோ "நீங்க குளிசைக்கு அடிமை" என்று ஏசுவதால் யாரும் ஒரு குளிசையைக் கூடக் குறைத்ததில்லை. ஒளித்து வைத்து எடுக்கத் தொடங்குவதுதான் நடக்கும்.

நம் கரையோரத்துக்கே உரிய ஒரு விடயத்தை இங்கே சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பல்லாயிரக் கணக்கான முஸ்லிம் மக்கள் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் வந்து குடியேறினார்கள். இந்த மண்டபத்தில் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறீர்கள், நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இருபது வருடம் கழித்து, 2011இல், வைத்தியர் செஸ்மால் சிறிவர்தனவும் குழுவினரும் அந்த மக்களில் 450 பெரியவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்கு ஏதோவொரு பொதுவான மனநலக் கோளாறு இருந்தது. அதில் மிகக் கூடுதலாக இருந்தது, நூற்றுக்கு 14 பேரிடம், உடல் வலியாகவும் உளைவாகவும் வெளிப்படும் வகை. பதகளிப்பு நோய் என்று பெயர் சொல்லக்கூடியது நூற்றுக்கு ஒருவரிடம் சற்றே கூடுதலாகத்தான் இருந்தது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். இழப்பையும் பயத்தையும் நம் பெண்கள் "எனக்குப் பயமாக இருக்கு" என்று சொல்வதில்லை. "உடம்பெல்லாம் உளையுது, நாரி கடுக்குது, தலை விறைக்குது" என்றுதான் சொல்கிறார்கள். அந்த வலி பொய் அல்ல, அவர்கள் உண்மையாகவே அனுபவிக்கிறார்கள். ஆனால் அதற்கு நரம்புக் குளிசை ஒன்று, நித்திரைக் குளிசை ஒன்று, வயிற்றுக் குளிசை ஒன்று என்று துண்டு நீண்டுகொண்டே போனால், கேட்க வேண்டிய கதை கேட்கப்படாமலே போய்விடுகிறது. இது வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை என்றாலும், மகன் வெளிநாட்டில் அகப்பட்டுக்கொண்டாலும், நுண்கடன்காரர் வாசலில் நின்றாலும் உடம்பு அதே பாஷையில்தான் பேசும்.

ஆகவே நீண்டகாலப் பதகளிப்புக்கு முதல் மருந்து பேச்சு. நான் கதை அளப்பதைச் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவரோடு சில வாரங்கள் ஒழுங்காகச் செய்யும் உளவளச் சிகிச்சையைச் சொல்கிறேன். குளிசை தேவையானால் சேர்ட்ரலின் போன்றவற்றைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். அவை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் எடுக்கும். நாலாம் நாள் "இது சரிவராது" என்று விடுபவர்கள் அநேகர். பொறுமையாக இருங்கள். மாவட்டத்தின் பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் மனநலக் கிளினிக் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மனநலக் கிளினிக்குக்குப் போனால் மகளுக்குச் சம்பந்தம் வராது என்று பயந்து, மருந்துக்கடையில் இரகசியமாக வாங்கும் குளிசைதான் குடும்பத்துக்கு அதிக ஆபத்து.

பிரிகாபலினைப் பற்றி இன்னொரு கசப்பான உண்மை. அண்மைய வருடங்களில் கற்பிட்டிக் கடற்பரப்பிலும் களப்பு ஓரத்திலும் கடற்படையினர் கைப்பற்றும் பொருட்களின் பட்டியலில், பீடி இலை, மஞ்சள், ஏலக்காய் ஆகியவற்றோடு பிரிகாபலின் கெப்சியூலும் இடம்பெறுகிறது. நம் அம்மாவின் பாத எரிவுக்குக் கொடுத்த அதே மருந்து, பாடசாலை வயதுப் பிள்ளைகளின் கையில் போதைப் பொருளாகப் போகிறது. ஐந்தாறு கெப்சியூலை ஒன்றாக விழுங்குகிறார்கள். மதுவோடோ, டிரமடோல் போன்ற அபின் வகை வலி மருந்துகளோடோ சேரும்போது மூச்சு அடங்கிப் போகலாம். 2019 டிசெம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. அதே வருடம் ஏப்ரல் 1 முதல் பிரித்தானியா பிரிகாபலினையும் கபபென்டினையும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளாக்கிச் சட்டம் செய்தது.

இதனால் இரண்டு பாரங்கள் நம் மேல் விழுகின்றன. ஒன்று, வீட்டில் உள்ள கெப்சியூலைப் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள், மிஞ்சியதைத் திருப்பிக் கொடுங்கள். மற்றது, உண்மையான நோயாளியை வெட்கப்படுத்தாதீர்கள். துண்டை நீட்டி இந்த மருந்தைக் கேட்கும் அறுபது வயதுப் பெண்ணைச் சந்தேகக் கண்ணால் பார்க்கும் மருந்துக்கடைகளும் இருக்கின்றன. அந்தப் பார்வைக்குப் பயந்தே மருந்தை விட்டு, வலியோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பற்றி ஐயம் இருந்தால் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. அழைத்தால் ஆலோசனை கிடைக்கும்.

எப்படி நிறுத்துவது என்று கேட்பீர்கள். முதல் விதி, திடீரென்று நிறுத்தக் கூடாது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கடை கடையாக அலைந்தும் கிடைக்காமல், பலர் தங்கள் விருப்பமின்றியே மருந்தை விட நேர்ந்தது. நித்திரையின்மை, வியர்வை, வாந்தி, கடும் பதகளிப்பு வரலாம். டயசிபாம் குடும்பத்தைத் திடீரென விட்டால் வலிப்புக்கூட வரலாம். ஆகவே கையில் இரண்டு வாரத்துக்கு மருந்து இருக்கும்போதே அடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விதி, மெதுவாக. பிரிகாபலினை வாரத்துக்கு 50 முதல் 100 மில்லிகிராமுக்கு மேல் குறைக்கக் கூடாது என்பது பிரித்தானிய வைத்தியர்கள் பின்பற்றும் ஓர் அளவு. வருடக் கணக்கில் எடுத்தவருக்கு இதைவிட மெதுவாக வேண்டும். டயசிபாம் குடும்பத்துக்கு மாதக் கணக்கு எடுக்கலாம். இங்கிலாந்தின் நியூகாசிலில் பேராசிரியர் ஹெதர் அஷ்டன் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். அவர் எழுதிய வழிகாட்டி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. சிறு சிறு படியாக, நோயாளியின் வேகத்தில் இறங்குவதே அவருடைய முறை. ஒரு படியில் கஷ்டமானால் அங்கே தங்கலாம். இந்தத் திட்டத்தை உங்கள் வைத்தியர்தான் எழுத வேண்டும், உங்கள் கொப்பியில், திகதியோடு. வலிப்பு நோய்க்காக இதே குளிசைகளை எடுப்பவர்களுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்கள் ஒரு வேளையும் விடக் கூடாது.

குறைத்துப் பார்த்தபின் வலி தாங்கவில்லை என்றால் திரும்ப எடுப்பதில் தோல்வி ஒன்றும் இல்லை. இரவில் நித்திரை, பகலில் வேலை, பேரப்பிள்ளையைத் தூக்கும் தெம்பு இவற்றை ஒரு குளிசை தருகிறது, விலையும் தாங்கக்கூடியது என்றால், அது நியாயமான வியாபாரம். எண்பது வயதில் சிறிய அளவு அமிட்ரிப்டிலினோடு நிம்மதியாக உறங்கும் ஒருவரின் குளிசையைப் பறிப்பது மருத்துவம் ஆகாது.

குளிசைக்கு வெளியே செய்ய வேண்டியவையும் உண்டு. சீனியைக் கட்டுப்படுத்துவது புதிய நரம்புகள் கெடுவதைத் தாமதிக்கும். பாதத்தை ஒவ்வோர் இரவும் பாருங்கள், கண் தெரியாவிட்டால் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். கிளினிக்கில் மெல்லிய நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையை வருடத்துக்கு ஒரு தடவை கேட்டுச் செய்யுங்கள். நம் கரையின் மத்தியான மணல் எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும். தலவில திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடப்பவர்கள், உடப்பில் தீமிதிக்க நேர்த்தி வைப்பவர்கள், உணர்ச்சி குறைந்த பாதம் சுட்டது தெரியாமல் சுடும் என்பதை மறக்க வேண்டாம். நேர்த்தியை வேறு விதமாக நிறைவேற்ற வழி உண்டா என்று உங்கள் குருவானவரிடமோ ஐயரிடமோ கேளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. அம்மாவுக்கு அன்போடு சூட்கேசில் கொண்டுவரும் மருந்து, அம்மாவின் கொப்பியில் ஏறுவதில்லை. கிளினிக்கில் தருவதும் நீங்கள் தருவதும் பெயர் வேறு, உள்ளே மருந்து ஒன்று என்று ஆகிவிட்டால் இரட்டை அளவு உடலில் சேரும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர், கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். பேராசிரியர் சேனக பிபிலே மருந்துகளை அவற்றின் மூலப் பெயரால் எழுத வேண்டும் என்று நம் நாட்டில் போராடியதன் அருமை இங்கேதான் விளங்கும். பயணத்தின்போது வைத்தியரின் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற வளைகுடா நாடுகளில் பிரிகாபலினும் டயசிபாமும் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே சிக்கல்.

முடிவாக, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது ஐந்து கேள்விகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஒன்று, இந்தக் குளிசை எனக்கு எந்த வருத்தத்துக்கு?

இரண்டு, இதை எடுக்கத் தொடங்கிய பின் எனக்கு என்ன முடிகிறது, முன்பு என்ன முடியவில்லை? இதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. இரண்டு வாரம் வலிக்கு பத்துக்கு எத்தனை என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

மூன்று, என் சிறுநீரகத்துக்கும் வயதுக்கும் இந்த அளவு இன்னும் சரியா?

நான்கு, நான் எடுக்கும் மற்ற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா? ஆயுர்வேதக் கசாயம், கடையில் வாங்கும் இருமல் பாணி எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

ஐந்து, இதை எவ்வளவு காலம் எடுக்க வேண்டும், எப்போது மீண்டும் பார்ப்போம்?

வைத்தியர் அவசரத்தில் இருந்தால் ஐந்தையும் கேட்க முடியாது. ஒரு தடவைக்கு ஒன்று கேளுங்கள். ஐந்து மாதத்தில் முடிந்துவிடும். ஜன்னலில் நிற்கும் மருந்தாளரிடமும் கேளுங்கள். கேள்வி கேட்கும் நோயாளியைக் கண்டால் எங்களுக்குள் மகிழ்ச்சிதான், முகத்தில் அது தெரியாவிட்டாலும்!

நூறு வருடத்துக்கு முன் இந்தக் கரையில் பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டார்கள். எழுத்தறிந்த அந்தப் பெண் பிள்ளைகளின் பேத்திகள் நாம். தன் குளிசையின் பெயரை வாசித்து, ஏன் என்று கேட்டு, தாய்க்கும் வாசித்துக் காட்டும் ஒவ்வொருத்தியும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறாள்.  நம் சங்கம் அடுத்த நூற்றாண்டையும் நலமோடு காணட்டும்.